பத்தாவது சட்டகம்

ரோட்டர்டாம், மார்ச், ஐம்பத்தொன்று.
பன்னிரண்டு படச் சுருளில் ஒன்பது தீர்ந்திருந்தது:
குட்டையில் தலைகீழாய் ஓடிய டிராம்,
பாதி முகத்தை மப்ளருக்குக் கொடுத்துவிட்ட மீன்காரி,
வேலிக் கம்பியின் முனையில்
யாரோ செருகிவிட்டுப் போன ஒற்றைக் கையுறை.

அப்போது அவன் வந்தான்
முதுகில் ஒரு கதவோடு.

பத்து வருடத்துக்கு மேலாக ஊரின் நடு வெட்டவெளி.
இடிந்ததையெல்லாம் அள்ளி
கால்வாய்களில் கொட்டிவிட்டார்கள்.
மிச்சம் தெருப்பெயர்கள்.
பிறகு காற்று.
அந்தக் காற்றுக்குக் குறுக்கே
பச்சை உரிந்த கதவைச் சுமந்து நடந்தான்,
அதன் கடிதத் துளை
வாயைத் திறந்து வைத்திருக்க.

நடுவில் இறக்கி நிமிர்த்திப் பிடித்தான்.
மூச்சு வாங்கத்தான், வேறெதற்கும் இல்லை.
எங்கிருந்தோ இரண்டு பிள்ளைகள்.
சிறுமி இந்தப் பக்கம் தட்டினாள்.
பையன் சுற்றி ஓடி அந்தப் பக்கம் நின்று
"யாரது?" என்றான்.

அவள் யோசித்தாள்.

அழுத்தினேன்.

சுருளை நகர்த்த மறந்தேன்
(விரல் விறைத்திருந்தது என்று எல்லோரிடமும் சொல்கிறேன்).
அதே சட்டகத்தின் மேல்
டிராமுக்கு நின்றவளின் முதுகும் விழுந்தது.
அவள் கோட்டின் நடுத் தையலில்
கதவின் கைப்பிடி.
இருட்டறையில் அதைப் பார்த்தபோது
திறக்கலாமா என்று ஒரு கணம் கை போனது.

பத்திரிகை அலுவலகத்தில் ஃபெர்ஹுல்ஸ்ட்
விளக்கடியில் பிடித்துப் பார்த்தார்.
"கிரேன் எங்கே? எழும்பும் கட்டடம் எங்கே?
அடியில் என்னவென்று எழுதுவது?"
மார்ச் என்று எழுதுங்கள் என்றேன்.
அந்த வாரம் கிரேன்தான் வந்தது,
நான்கு பத்தி அகலத்தில்.
அதுவும் நான் எடுத்ததுதான். வாடகை இருக்கிறதே.

ஜூனில் படகுத்துறையில் மறுபடி கண்டேன் அவனை.
பெயர் க்ரைன். சரக்கு எண்ணுகிறவன்.
பையிலிருந்த பிரதியை நீட்டினேன்.
பிள்ளைகளை விட்டான், அந்த முதுகையும் விட்டான்.
"கதவுக்குள்ளே ஆள் தெரிகிறதே" என்றான்.
"இவ்வளவு லேசாகவா இருந்தது அது?"
தோளைத் தேய்த்துக்கொண்டான்.

எந்த வீட்டில் மாட்டினீர்கள், என்று கேட்டேன்.

"வீடு இன்னும் வரிசையில் நிற்கிறது.
அதுவரை நாலு பெட்டிமேல் படுக்கப்போட்டு
மேசையாக வைத்திருக்கிறோம்.
என்ன, கடிதத் துளை வழியாக
ரொட்டித் துணுக்கெல்லாம்
கீழே போய்விடுகிறது."