கட்டு

ஸ்டேஷனுக்கு எதிரே கடை போட்டால்
களவு போகாது என்றார்கள்.
அப்படித்தான் வந்தேன் சாணல்விளை முக்குக்கு,
ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு கம்ப்யூட்டர்,
தவணை முடியாத ஒரு பிரிண்டரோடு.

புகார் கொடுக்க வருகிறவர்கள்
முதலில் அங்கே போவார்கள்,
பிறகு என்னிடம் வருவார்கள்.
"ஒரு கட்டு பேப்பர் வேணுமாம்.
ரெண்டு பேனாவும்."

ஞானாபரணத்துக்குப்
புகைப்புரையிலிருந்து அறுபது ரப்பர் ஷீட் போயிருந்தது.
மடியிலிருந்து அவர் எடுத்த நோட்டிலும்
ஷீட்டின் புளித்த வாடை.
"நான் எழுதப்போறது ஒத்தப் பக்கம் பிள்ளே,
மிச்சத்துல என்னத்த எழுதுவினும்?"
நான் சில்லறை எண்ணினேன்.

அந்தியில் கான்ஸ்டபிள் வந்தார்,
அக்குளில் அதே கட்டு, உறை பிரியாமல்.
பாதி விலை.
"வெச்சுக்க, நாளைக்கி ஓடும்."
வைத்துக்கொண்டேன். ஓடியது.
திரும்பி வரும்போதெல்லாம், சும்மாதான்,
உறையின் அடியில் பென்சிலால்
ஒரு கோடு இழுத்துவைத்தேன்.
அந்த மழைக்காலம் தீர்வதற்குள் ஏழு கோடு.
நாலு களவு, ஒரு வேலித் தகராறு,
ஒரு அறுந்த சங்கிலி,
காணாமல்போன ஒரு பெண்.
ஒரு தாள்கூடக் கறுக்கவில்லை.

லாபம் எனக்கும் உண்டு, சொல்லிவிடுகிறேன்.
என் பிள்ளையின் பள்ளிக்கூட ஷூ
அதில் வாங்கியதுதான்.

அங்கே கம்ப்யூட்டர் ரிப்பேரானால்
ரைட்டர் வருவார், நின்றபடியே சொல்வார்:
"மேற்படி நபர் தப்பியோட முயன்று
கழிவறையில் வழுக்கி விழுந்ததில்
வலது கை முறிந்தது."
முதல் தடவை ஒற்றுப்பிழை திருத்தினேன்.
அடுத்த தடவை அவர் சொல்லுமுன்
அடித்து முடித்திருந்தேன்.
மூன்றாவதில் பெயரை மட்டும் மாற்றினேன்:
டென்சன், வயது இருபத்தொன்று.
ராத்திரி கைகாட்டியும் பைக்கை நிறுத்தவில்லை,
அவ்வளவுதான் அவன் செய்தது.

அவன் அம்மை வந்தாள் ஜெராக்ஸ் எடுக்க,
நான் அடித்த அதே தாளை.
வெளியே அவன், மாவுக்கட்டோடு.
சாரல் படாதிருக்க
ஜவுளிக்கடைக் கவரால் கையைப் பொதிந்திருந்தாள்.
"எனக்க மவன் பாறையில ஓடுவான்,
பாசியில ஓடுவான்.
இவனுக்க காலு வழுக்குமா பிள்ளே?"
மெஷின் சூடாகட்டும் என்றேன்.
அது சூடாகத்தான் இருந்தது.

தை மாதம் ஒரு விடியலில்
என் ஷட்டர் பாதி ஏறியிருந்தது.
பிரிண்டர் இல்லை, கல்லா இல்லை.
பேப்பர் கட்டை மட்டும் கள்ளன் தொடவில்லை.
எதிரே பாரா நின்றவர்
பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.
"நாப்பது எட்டுதானே அக்கா,
போய்ச் செல்லுங்க," என்றான் டீக்கடை வில்பிரட்.
நாற்பது இல்லை, முப்பத்தெட்டு.
எண்ணியிருக்கிறேன்.
மார்த்தாண்டத்துக்கு பஸ் ஏறினேன்,
பூட்டு வாங்க.
முந்தினதைவிடப் பெரிசு.

இப்போது புதிதாக ஒருத்தி வந்திருக்கிறாள்.
அனிஷ்மா என்று பெயர்ப்பட்டை,
மடிப்புக் கலையாத காக்கி.
ஐந்து பக்கம் நகல் எடுத்தாள்.
எவ்வளவு என்று கேட்டாள்.
அந்தப் பக்கத்திலிருந்து வந்து
எவரும் கேட்டதில்லை அந்தக் கேள்வி;
விலை சொல்ல எனக்கு நாக்கு புரளவில்லை.
ஐம்பது ரூபாய் நீட்டினாள்.

வாங்கி, டியூப் லைட்டுக்கு நேரே
உயர்த்திப் பிடித்துப் பார்த்தேன்.
திருப்பியும் பார்த்தேன்.
என் கை அதைச் செய்து முடித்த பிறகுதான்
அவள் கண்ணைப் பார்த்தேன்.

எதுவும் சொல்லவில்லை அவள்.
தாள்களை மாரோடு அணைத்துக்கொண்டு
மழைக்குள் இறங்கி ரோட்டைக் கடந்தாள்.
மீதி நாற்பது ரூபாய்
இன்னும் மேசையில் கிடக்கிறது,
கோடு போட்ட கட்டின் மேல்.