நாற்பத்தொரு மீட்டர்

ஆனேக்கல் தாலுகா, சிக்கமாரனஹள்ளி.
எனக்குத் தந்த முதல் பீட்டில்
மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு மீட்டர்.
இரண்டு நாள் வேலை.
மூன்றாம் நாள் சும்மா இருக்க வெட்கப்பட்டு
நான்கு நாளாய் இழுப்பேன்.

சைக்கிள் சத்தத்துக்கு முதலில் நாய் வரும்,
பின்னால் மல்பெரித் தழை ஒட்டிய கைகளோடு
முனிரத்னம்மா.
மீட்டருக்குள் சுற்றும் சக்கரத்தைக் காட்டி
‘உன் சைக்கிளே தேவலை’ என்பாள் கன்னடத்தில்.
ஒரு குண்டு பல்பு, ஒரு ரேடியோ.
மாதம் பதினேழு யூனிட்.

ரொம்ப அமைதியான இடமாமே அப்போது,
என்று புதிதாய் வந்தவர்கள் கேட்கிறார்கள்.
ஆமாம், அமைதிதான்.
தாகம் என்று நின்றால்
அந்த அமைதியில்
யார் வீட்டுப் பிள்ளை என்று ஒரு கேள்வி வரும்.
பதில் சொன்னதும்
தண்ணீர் உயரத்திலிருந்து வரும்,
குவித்த கைகளுக்குள்.
முழங்கை வழியாய் ஒழுகி
ரீடிங் புத்தகத்தில் இரண்டு எண்கள் கரைந்த நாளில்
சம்பளத்தில் பிடித்தார்கள்.

இப்போது மல்பெரித் தோட்டத்தின் மேல்
ஏழு மாடி.
படிக்கட்டின் அடியில் ஒரே சுவரில்
நாற்பத்தொரு மீட்டர்.
சக்கரம் கிடையாது. சிவப்புப் புள்ளிகள்
ஒன்றுக்கொன்று ஒத்துக்கொள்ளாமல் சிமிட்டும்.
குனிந்து நிமிர்வதற்குள்
பழைய இரண்டு நாள் முடிந்துவிடுகிறது.

முகம் பார்த்ததில்லை; யூனிட் பார்த்திருக்கிறேன்.
304-இல் பகலும் இரவும் ஃபேன் நிற்பதில்லை.
ஒரே கட்டில், இரண்டு ஷிப்ட்:
அஸ்ஸாம்காரன் பிபுல் எழுந்தால்
ஒடிசாக்காரன் சுதாம் படுப்பான்.
தலையணை உறையை யார் துவைப்பது என்பதில்தான்
அவர்களுக்குள் சண்டையாம். வாட்ச்மேன் சொன்னான்.
512-இல் திடீரென்று முப்பது யூனிட் கூடியது.
குழந்தை பிறந்திருக்கும்,
இல்லை யாரோ வீட்டிலிருந்தே வேலை.
209 மூன்று மாதமாய்ப் பூஜ்யம்.
பெயர்ப்பலகை மட்டும் இருக்கிறது,
இன்னும் பிளாஸ்டிக் பிரிக்காமல்.

ஆபீசில் புஷ்பலதா மேடம்
வரைபடத்தை மேசையில் விரித்தார்.
அடுத்த பத்து வருடத்தில்
இந்தப் பக்கம் மூன்று மடங்கு ஆகலாமாம்.
இங்கே ஒரு டிரான்ஸ்ஃபார்மர், இங்கே, இங்கே
என்று போன விரல்
நீல நிறத்தின் மேல் நின்றது.
‘அது ஏரி, மேடம்.’
‘தெரியும்.’
விரலை எடுக்கவில்லை.

அப்புறம் ஸ்மார்ட் மீட்டர் வரும், என்றார்.
எண்கள் தாமாகவே பறந்து
அலுவலகம் சேரும்.
நீங்கள் நடக்க வேண்டியதில்லை.
நல்ல செய்தி சொல்கிற முகத்தோடுதான் சொன்னார்.

போன செவ்வாய்
701-இன் மீட்டர் கருகியிருந்தது.
ஏறிப்போய் மணி அடித்தேன்.
முனிரத்னம்மா.
தோட்டத்துக்குப் பதிலாய் மேல்தளம்.
மகன் டல்லாஸில்.
பக்கத்துக் கதவு யார் என்று தெரியாது,
அவர்கள் பேசுவது இந்தியா, வேறா
என்றும் தெரியாது.
என்னைத் தெரிந்தது.
‘சைக்கிள் என்ன ஆச்சு?’

உட்காரச் சொன்னாள். நாற்காலியில்.
கேனைச் சாய்த்து
எவர்சில்வர் டம்ளர் நிறையத் தண்ணீர்.
அண்ணாந்து ஊற்றிக்கொள்ளத் தூக்கிய கை
பாதியில் நின்றது.
இறக்கி, விளிம்பில் வாய் வைத்துக் குடித்தேன்.
மெதுவாய், கடைசிச் சொட்டு வரை.

பார்த்தாள்.
எதுவும் சொல்லவில்லை.
டம்ளரை எந்தப் பக்கம் வைத்தாள் என்று
நானும் திரும்பிப் பார்க்கவில்லை.

கிளம்பும்போது கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:
கரண்டு போனால்
இந்த லிஃப்ட்
எந்த மாடியில் நிற்கும்?