ரேகை பொருந்தவில்லை

அதிகாலை மூன்றரைக்கு
வேளச்சேரி நூறடிச் சாலையில்
காரின் தலையில் மூன்று மெத்தைகளைக் கட்டினோம்.
"வீடு காலி பண்றீங்களா?" என்றார்
ரோந்து வந்த காவலர்.
"பாறை ஏறப் போறோம் சார்."
"பாறைக்கு எதுக்கும்மா மெத்தை?"
"விழறதுக்கு" என்றாள் ஷாஹிதா.
அவர் கொஞ்சம் யோசித்து
"கயித்த இன்னும் இழுத்துக் கட்டுங்க"
என்று போய்விட்டார்.

ஓட்டுவது ஷாஹிதா.
பக்கத்தில் ஜெபராஜ், பாட்டும் வாழைச்சீப்பும் அவன் பொறுப்பு.
பின்னால் நானும் மணிமாறனும்,
நடுவில் ஒரு பை,
பைக்குள் கைக்குப் பூசும் வெள்ளைத்தூள்,
பைக்கு மேல் ஏழு மாதப் பேசாமை.

இருபத்திரண்டாயிரம்.
கேட்டால் அற்பன்
கேட்காவிட்டால் ஏமாளி
என்று ஆளை நிறுத்திவைக்கச் சரியான தொகை.

பூந்தமல்லி முழுக்க லாரிகளின் வால்விளக்கு.
ஸ்ரீபெரும்புதூரில் ஷிஃப்ட் முடிந்த பெண்கள்
பேருந்துச் சன்னலில் கன்னம் நசுங்கத் தூங்கியபடி
எதிர்த்திசையில் போனார்கள்.
வாலாஜா சுங்கச்சாவடியில் விடிந்தது.
ஆம்பூரில் தோல் வாடை, கண்ணாடியை ஏற்றினோம்.
ஏலகிரியின் பதினான்கு வளைவிலும்
ஒற்றைப்படையில் மணிமாறன் என்மேல் சாய்ந்தான்
இரட்டைப்படையில் நான் அவன்மேல்.
யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

பாறை என்றால்
இரண்டாள் உயரம், அவ்வளவுதான்.
பின்பக்கமாக நடந்தே போய்விடலாம்.
நாங்கள் செருப்பு மாற்றுவதற்குள் ஓர் ஆடு போயிற்று.
ஆனாலும் முன்பக்கமாகத்தான் ஏறவேண்டும்.
இதை ஆட்டுக்கு விளக்க முடியாது.

ஏறும் வழிக்கு எங்களுக்குள் 'கணக்கு' என்று பெயர்.
இந்தக் கணக்கில்
இடக்கைக்கு நகக்கண் அகலத்தில் ஒரு விளிம்பு.
வலது குதிகாலைக் காதருகே கொண்டுபோய் மாட்டு.
பிறகு
மேலே இருக்கிறதென்று மற்றவர்கள் சொல்கிற ஒன்றைத்
தாவிப் பிடி.

ஜெபராஜ் நாலு தடவை விழுந்து
வெயிலைக் குறை சொன்னான்.
ஷாஹிதா மூன்றாம் தடவை ஏறி
உச்சியில் குந்தி வாழைப்பழம் உரித்தாள்.

மணிமாறன் ஏறும்போது
கீழே நிற்கும் முறை என்னுடையது.
கைகளை உயர்த்தி, உள்ளங்கையை விரித்து.
தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு
நான் அவனிடம் கையேந்துவதுபோல் தெரிந்திருக்கும்.
கொடுத்தவன் கையேந்துவது புதிதா என்ன.

எழுபத்தெட்டு கிலோவை யாராலும் தாங்க முடியாது.
செய்யக்கூடியது ஒன்றுதான்,
வரும் உடம்பை இடுப்பில் தொட்டு
தலை மெத்தைக்குப் போகும்படி
கொஞ்சம் திருப்பிவிடுவது.
மீதியை மண் பார்த்துக்கொள்ளும்.

குதிகால் வழுக்கிற்று.
அவன் வருவதைப் பார்த்தேன்
பிறகு பார்க்க ஏதுமில்லை, முதுகு மட்டும்.
மெத்தையில் இரண்டு பேரும் கிடந்தோம்.
அவன் முழங்கை என் விலாவில்,
என் வாய்க்குள் அவன் கையின் வெள்ளைத்தூள்.
வானத்து விளிம்பில் ஷாஹிதாவின் பழத்தோல்.

"சித்திரைல தந்துடறேன்" என்றான்.
"நான் கேக்கலையே."
"அதான்."

சாயங்காலம் வரை முயன்றும்
அந்தக் கணக்கு எங்கள் இருவருக்கும் தீரவில்லை.
திரும்பும்போது போரூர் நெரிசலில் ஒரு மணிநேரம்.
பை டிக்கிக்குப் போயிருந்தது.
மணிமாறன் வாய் திறந்து தூங்கினான்
என் தோளில் எச்சில்.

திங்கள்கிழமை, அம்பத்தூர் எஸ்டேட்.
வருகைப்பதிவு எந்திரத்தில் விரலை வைத்தேன்.
ரேகை பொருந்தவில்லை.
சட்டையில் துடைத்து வைத்தேன்.
பொருந்தவில்லை.
அடுத்த விரல், அதற்கடுத்தது.
பின்னால் வரிசை 'ச்சு' கொட்டியது.
"கை என்ன சார் ஆச்சு?" என்றார்
செக்யூரிட்டி தேவசகாயம்.
நான்தான் நான் என்பதற்கான அத்தாட்சி
நகக்கண் அகல விளிம்பு ஒன்றில்
இன்னொருவன் தோலோடு ஒட்டிக் கிடக்கிறது
என்று எப்படிச் சொல்வது.
"சமையல்ல சுட்டுக்கிட்டேன்" என்றேன்.

நோட்டை நீட்டினார்.
பேனா பிடிக்க எரிந்தது.
ஒன்பது பதினேழு, தாமதம்,
சிவப்பு மையில்.