இழுப்பு

குளச்சல் ஐஸ் கம்பெனியில்
ராத்திரி ரெண்டரைக்கு
உடைக்கும் மிசின் ஓய்ந்த நேரம்
ஒடிசாக்காரன் கைலாஸ்
செல்லில் உன்னைப் போடுகிறான்.
தமிழில் அவனுக்குத் தெரிந்தது
சாப்பாடு, சம்பளம், சீக்கிரம்.
நாலாவதாக உன் பல்லவி.

உன் பெயர் ஷெல்டன் என்பது
ரேஷன் கடைக்குத் தெரியும்.
நாட்டுக்குத் தெரிந்தது நெத்தோலி.
அந்தப் பெயரை வைத்தது நான்,
உன் முழங்கையைப் பார்த்து.

குறும்பனைத் திருவிழா, ஒன்பதாம் நாள்.
நாடகத்துக்கும் வாணவேடிக்கைக்கும் நடுவே
நமக்குக் கிடைத்தது பதினோரு நிமிடம்.
நான் டீசல் விலையைப் பேசினேன்,
தூண்டில் வளைவு கட்டாத கரையைப் பேசினேன்,
மூச்சு விடாமல், பல்லைக் கடித்து,
வரிக்கு இருபத்திரெண்டு அசை.
ஆறாம் நிமிடத்தில்
பங்குப்பேரவைத் துணைத்தலைவர்
மைக் வயரைப் பிடுங்கினார்.
செத்த மைக்கில் நீ சும்மா இழுத்தாய்.
வார்த்தைகூட இல்லை,
ஒரு ஏ, அதற்கொரு வளைவு.
கடலை தின்றுகொண்டிருந்த கூட்டம்
மெல்வதை நிறுத்தியது.
அன்றைக்கே எனக்குத் தெரியும் லே.
தெரியாததுபோல் இருந்தேன்,
மூணு வருசம்.

பிறகு எல்லாம் வேகம்.
மார்த்தாண்டத்தில் ஒரு கல்யாண வீடியோக் கடை,
அலமாரிக்குள் மெத்தையை நிறுத்திப் பதிந்த முதல் பாட்டு,
சென்னை,
ஒரு படத்தில் அரை நிமிடம்,
அடுத்ததில் முழுசாக,
துபாயில் ஒரு மைதானம் நிறைய டார்ச் வெளிச்சம்,
பற்பசை விளம்பரம்.
வேகமாய்த் துப்புகிற பையன்கள் சொன்னார்கள்:
சீனி. ராப்பில் பால் ஊற்றினவன். கோபமில்லாதவன்.
நானும் சொன்னேன்,
நாகர்கோவில் மணிமேடையில் டீயோடு நின்று,
நாலு பேருக்குக் கேட்கும்படி:
‘கம்ப்யூட்டர் இல்லன்னா அவன் ஒண்ணுமில்ல பாத்துக்க.’

ஆனால்
என் இருபத்திரெண்டு அசை
எனக்கே இப்போது ஞாபகமில்லை.
உன்னுடையதை
ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளியாத என் தங்கச்சி
ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரியில் முனகினாள்.
வலிக்குதா என்று நர்ஸ் குனிந்து கேட்டாள்.
வலிதான்.
ராகமும் தப்பவில்லை.

இன்றைக்குத்தான் பிடிபட்டது.
கைலாஸ் வார்த்தையை விட்டுவிட்டு
இழுப்பை மட்டும் பாடுகிறான்,
அது எனக்க அப்பா.
வாவல் குவியலுக்கு முன் நின்று
எழுநூறே, எழுநூறே என்று
கடைசி றேயை மேலே தூக்கி
பொத்தென்று போடாமல்
சாய்த்துச் சாய்த்து இறக்குவாரே, அது.
வியாபாரி ஐம்பது கூட்டுவது
பாதி நாள் மீனுக்கல்ல.
விடியுமுன் நாம் ரெண்டு பேரும்
மீன்பெட்டிமேல் உட்கார்ந்து
ஒரே ஏலத்தைத்தான் கேட்டோம்.
நான் கேட்டது விலையை.

அப்பாவுக்கு உன் பாட்டு பிடிக்காது.
மூக்கால பாடுதான் என்பார்.
நான் சொல்லவில்லை.
என்னவென்று சொல்ல?
ஒரு றேயைக் காணோம் என்றா?

நாலு மணிக்கு முதல் லாரி.
அண்ணா, இந்த வரிக்கு என்ன அர்த்தம்
என்று கைலாஸ் கேட்டான்.
காதலிக்குச் சொல்றது, என்றேன்.
மிசின் மறுபடி ஐஸைக் கடிக்கத் தொடங்கியது.
அவன் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.
யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில்
நானும் ஒருமுறை
எழுநூறே என்றேன்.
தூக்கத் தெரிந்தது.
இறக்க வரவில்லை.