பெயர் கட்டாயம்

பிப்ரவரி. வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
சபையின் நிலவறையில் நாங்கள் நால்வர்,
ஒரு மடிக்கணினி, ஆறிப்போன காப்பி.
டெக்ஸாஸிலிருந்து ஒருவன் திரையில் சிரிக்கிறான்
அரைக்கைச் சட்டையில்.
"உங்கள் சபையில் எத்தனை பேர்?"

லோர்ன் என்னைப் பார்க்கிறார். நான் ஆர்டித்தை.
பதிவேட்டின்படி இருநூற்றுப் பன்னிரண்டு.
போன ஞாயிறு எண்ணியது நாற்பத்தொன்று,
ஃப்ரீசன் வீட்டுக் கைக்குழந்தையைச் சேர்த்து.
"நூறுக்குள் என்றால் மலிவு" என்றான்.
அப்படியானால் நூறுக்குள்தான் என்றார் லோர்ன்,
தானியக் கிடங்கில் முப்பது வருடம் எடை போட்டவர்.

மூன்று மென்பொருள் பார்த்தோம்.
முதலாவது, நூற்றுக்கு இரண்டே முக்கால் எடுக்கும்,
அதற்கு மேல் ஒவ்வொரு முறையும் முப்பது சென்ட்.
ஒரு டாலர் போடுகிறவளின் டாலரில்
முப்பத்து மூன்று வழியிலேயே தீர்ந்துவிடும் என்று
பென்சிலால் கணக்குப் போட்டுக் காட்டினாள் ஆர்டித்.
எங்களில் ஒரு டாலர் போடுகிறவள்
ஆர்டித் மட்டும்தான்.

இரண்டாவது இலவசம்.
எங்கள் பெயர்களை எதற்கோ வைத்துக்கொள்ளும் என்று
பதினோராம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது.

மூன்றாவதில், யார் எவ்வளவு கொடுத்தார் என்பது
போதகரின் கைப்பேசிக்கே வந்து நிற்கும்.
எனக்கு வேண்டாம் என்றாள் கெண்ட்ரா.
தெரிந்துவிட்டால்
வாசலில் கைகுலுக்கும்போது
என் விரல்கள் காட்டிக்கொடுத்துவிடும்.
"அதை மூடி வைக்கலாம். கடவுச்சொல் யாரிடம் இருக்க வேண்டும்?"
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
பொருளாளர் என்றால் இதுதான்:
இடது கைக்கும் ஒரு கடவுச்சொல்.

மூன்றாவதையே எடுத்தோம். காரணம் கேட்டால்
நேரமாகிவிட்டது, லோர்னின் லாரியை
இன்னும் அரைமணி விட்டால் கிளம்பாது.

மார்ச் முழுக்க மாலைகளில் பெயர் ஏற்றினேன்.
ஒவ்வொருவருக்கும் ஒரு நிலை தரவேண்டும்:
செயலில் உள்ளவர், செயலற்றவர், விருந்தினர், மறைந்தவர்.
கம்பளத்தின் நிறத்துக்காகச் சண்டை போட்டுப் போன
டூவ்ஸ் குடும்பத்துக்கு நான்கிலும் இடமில்லை.
கடைசியில் விருந்தினர் என்று போட்டேன்.
ஒருநாள் வந்தால் அப்படித்தானே வரவேற்போம்.

அப்புறம் அந்த இருபது டாலர் நோட்டு.
வாராவாரம் தட்டில் இருக்கும்,
உறை கிடையாது, நான்காக மடித்தது,
டீசல் வாசம்.
பெயர் கட்டாயம் என்றது சிவப்பு நட்சத்திரம்.
முதற்பெயர்: சில்லறை.
குடும்பப்பெயர்: காணிக்கை.
பிறந்த தேதியும் கேட்டது,
சபைக்கு மூலைக்கல் வைத்த நாளைக் கொடுத்தேன்.
ஜூனில் அதற்கு வாழ்த்து அனுப்பியது மென்பொருள்,
பலூன் படத்தோடு, என் முகவரிக்கு.

செப்டம்பரில் கெண்ட்ரா கைப்பேசியோடு வந்தாள்.
தொகை அவளுக்குத் தெரியாது, எச்சரிக்கை மட்டும் தெரியும்:
"சில்லறை காணிக்கை மூன்று வாரமாக இல்லை.
விலகிச் செல்லும் அபாயம். நேரில் சந்திக்கவும்."
யார் இவர்? வீடு எங்கே?
சன்னலுக்கு வெளியே மேற்கே
ராத்திரி பதினொன்றுக்கும் அறுவடை இயந்திரங்களின் விளக்கு,
வெளிச்சத்தைவிடத் தூசி அதிகம்.
மழை வருவதற்குள் முடிக்க வேண்டுமே
என்று மட்டும் சொன்னேன்.
அவள் அதற்கு மேல் கேட்கவில்லை.

அக்டோபர் இரண்டாம் ஞாயிறு
தட்டில் நான்கு நோட்டு.
தனித்தனியே நான்காக மடித்தவை,
ஒன்றின் மடிப்பில் கோதுமை உமி.
பதிவு செய்தேன். திரை தயங்கியது:
"ஒரே நபர், ஒரே நாள், ஒரே தொகை, நான்கு முறை.
நகல்களை நீக்கவா?"

இல்லை என்று அழுத்திவிட்டு
விரலை முகர்ந்து பார்த்தேன்.