ஒன்பது புள்ளி எட்டு

பகல் முழுக்க நான் தரம் பிரிக்கிறவன்.
மண்டபம் நண்டுக் கம்பெனியில்
வெந்த சதையைப் பெண்கள் உதிர்த்து வைப்பார்கள்.
ஜம்போ, லம்ப், ஸ்பெஷல், கிளா.
நாலு தட்டையும் நான் திரும்பப் பார்ப்பேன்.
என் கையெழுத்து விழாமல்
ஒரு டின்னும் கப்பலேறாது.
ஆனால் பீரோ மேல்தட்டில்
கல்யாண வேட்டிக்கு அடியில் கிடக்கிற
ஏழு புத்தகத்துக்குத் தரம் சொல்ல
எனக்கு வாய் வரவில்லை.

மனாமாவில் கட்டடம் கழுவிய காலம்.
எதிர்க்கடையை மூடினார்கள்.
ஒரு தினாருக்கு ஏழு. ஏழும் ஒரே இதழ்.
பிரிக்காத பிளாஸ்டிக் உறை.
அட்டையில், எரிகிற பாலத்தின் மேல்
ஒற்றைக்காலில் நிற்கிறான்
முகமூடி போட்ட ஒருத்தன்.
பாம்பன்காரனுக்குப் பாலம் போதாதா, வாங்கினேன்.
ஊர் வந்ததும் மறந்தேன்.

போன மாதம் மச்சினன் பிரிட்டோ போனை நீட்டினான்.
இதே அட்டை. அமெரிக்காவில்.
ஒன்பது புள்ளி எட்டு மார்க் வாங்கியது
வத்தைக்குப் புது இஞ்சின் வாங்குகிற விலைக்குப் போயிருக்கிறது.
ஒன்பது புள்ளி ஆறு என்றால்?
உதட்டைப் பிதுக்கினான்.
"ஒரு வலை வரும் மாமா. அதுவும் பழைய வலை."

அனுப்பக் கூலி, பார்க்கக் கூலி, காப்பீடு,
சென்னையில் சேர்த்து அனுப்புகிறவன் கமிஷன்.
ஒன்றுக்கு என் ஒன்பது நாள் சம்பளம்.
உறையைக் கிழித்துத்தான் பார்ப்பார்களாம்.
பார்த்து, மார்க் போட்டு,
கெட்டிப் பெட்டிக்குள் வைத்து
இனி எவனும் பிரிக்காதபடி ஒட்டித் தருவார்களாம்.
நான் பிரிக்காமல் வைத்திருந்ததை
அவர்கள் பிரித்து, படிக்காமல், மூடுவார்கள்.
இதை ஜெபமாலையிடம் சொல்லிச் சிரித்தேன்.
சூடை மீனை உரசிக்கொண்டே அவள் கேட்டாள்:
"நீங்க மட்டும் நண்டைத் தின்னு பாத்தா பிரிக்கிறீங்க?"

காத்திருக்கலாம் என்றால் உப்பு காத்திருக்காது.
இந்தக் கரையில் எதையும்
காற்றுதான் முதலில் படிக்கும்.
சன்னல் கம்பி, சைக்கிள் செயின்,
என் ஞானஸ்நானச் சான்றிதழில் குத்திய பின்.

நேற்று ஷிப்டு முடிந்து எல்லோரும் போனபின்
ஓடு தேடும் நீல விளக்கைப் போட்டேன்.
சதையில் ஒளிந்த ஓட்டுத்துணுக்கு
அதன் கீழேதான் பல்லைக் காட்டும்.
ஏழையும் எஃகு மேசையில் பரப்பினேன்.
மூன்றாவதின் மூலையில் வெள்ளை மடிப்பு.
நாலும் ஆறும் முதுகு வளைந்தவை.
ஐந்தாவதின் ஸ்டேபிளைச் சுற்றி
பொடி போட்ட மூக்குபோல ஒரு பழுப்பு.
இரண்டாவதில்
என் கண்ணுக்கு எட்டியவரை ஒன்றுமில்லை.
"ஜம்போ" என்றேன், சத்தமாகவே.

அங்கே உட்கார்ந்திருக்கிறவனும்
என்னைப் போல ஒருத்தன்தானே.
கையுறை, குளிர், கழுத்து வலி.
காலையில் என் கண் பாவம் பார்க்காது.
சோறு உண்டபின் கொஞ்சம் இரங்கும்.
மூன்றரை மணிக்கு நான் லம்பில் விட்ட எத்தனையோ
காலையில் ஸ்பெஷலுக்கு இறங்கியிருக்கும்.
என் இரண்டாவது புத்தகம்
அவன் மேசைக்கு எந்த நேரத்தில் போகும்?
புள்ளி எட்டுக்கும் புள்ளி ஆறுக்கும் நடுவே
அவன் சாப்பிட்ட சோறு கிடக்கிறது.

அனுப்பலாம், இரண்டாவதை மட்டும்.
அப்படி முடிவு பண்ணிய கையோடு
நண்டுக் கத்தியால் ஐந்தாவதின் உறையைக் கீறினேன்.
ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.
மூடிய கடையின் காற்று வந்தது,
மையும் ஏசியும் கலந்து.
இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் போனேன்.
நாலாம் பக்கத்தில் தெரிந்தது, பாலம் எரியவில்லை.
சூரியன் அடைகிற நேரம், அவ்வளவுதான்.
ஒற்றைக்காலில் நின்றவன்
செருப்பில் குத்திய முள்ளைப் பிடுங்குகிறான்.
தனியாக நின்று சிரித்ததில்
வாட்ச்மேன் கார்மேகம் கதவைத் தட்டிவிட்டார்.

மற்ற ஆறுக்கும் நடுவே
கம்பெனியில் எடுத்த சிலிக்கா பொட்டலம் வைத்திருக்கிறேன்.
படிவம் மேசையில் கிடக்கிறது.
பெயர், முகவரி, எண்ணிக்கை ஒன்று.
உத்தேச மதிப்பு என்ற கட்டம் மட்டும் காலி.
நாளைக்கு நண்டு அதிகம் வரும், பௌர்ணமி கழிந்துவிட்டது.
பதினொன்றாம் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறேன்.