மூன்று மில்லிமீட்டர்

எனக்குப் பக்கவாட்டில் நகரும் வண்டிதான் வேண்டும்.
மெக்கானம் சக்கரம்: விளிம்பெல்லாம்
சாய்ந்து படுத்த குட்டி உருளைகள்.
முகம் திருப்பாமல் நண்டாய்ப் போகும்.
வீடியோவில் பார்த்த நாளிலிருந்து
எனக்கே அப்படித்தான் நடக்க வந்தது,
கேன்டீன் வரிசையில் கண் எலுமிச்சை சாதத்தில்,
கால் மட்டும் இடப்பக்கம்.

லிகிதா தோளால் ஓர் இடி இடித்தாள்.
தட்டோடு மூன்றடி தள்ளிப் போய்
யாரோ ஒரு சீனியரின் ரசத்தில் நின்றேன்.
"பாத்தியா, உன் வண்டியும் இதேதான்.
எந்தப் பக்கமும் போகும்னா
எவன் தள்ளினாலும் போகும்."

இம்தியாஸ் வேறு மாதிரி இடித்தான்.
செட் ஒன்பதாயிரம். கையிருப்பு பதினொன்று நானூறு.
அதிலும் ஓசூர் பழைய இரும்புக் கடையில்
வைப்பர் மோட்டாருக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று.
"மிச்சத்துக்குச் சட்டத்தை
ஐஸ் குச்சியில ஒட்டிக்கலாம்."

சரி, நாலு ரப்பர் சக்கரம்.
சைக்கிள் செயின், சைக்கிள் பல்சக்கரம்,
இடத்துக்கு ஒரு மோட்டார், வலத்துக்கு ஒன்று.
நேராகப் போனது,
பர்கூர் பைபாஸில் ராயக்கோட்டைத் தக்காளி லாரி போல,
யாரையும் கேட்காமல்.
திரும்பு என்றேன்.
தரையைப் பிறாண்டியது. துள்ளியது.
பெஞ்சு இழுக்கிற சத்தம்
எலெக்ட்ரிக்கல் லேப் வரை போனது.
நாலு மூலையிலும் நாலு பேர் உட்கார்ந்துகொண்டு
எழ மாட்டேன் என்றால்
பாயை எப்படித் திருப்பிப் போடுவது?
ஒரு ஃபியூஸ் போனது.
இன்னொன்று.
மூன்றாவது போகும் முன் வாசனை வந்துவிட்டது.

பெண்கள் விடுதிக் கதவு எட்டரைக்கு.
நாங்கள் கிளம்பும்போது வண்டிக்கு நாலு சக்கரம்.
காலையில் வந்தால் ஆறு.
சென்றாயன் கிரீஸ் கையோடு
பன் தின்றுகொண்டிருந்தான்.
கேட்காமல் செய்ததற்கு நான் திட்டியது
இங்கே எழுதும்படி இல்லை.
"நாலே திரும்பல, ஆறு திரும்புமா?"

பரீட்சை அட்டையை மேசையில் வைத்து
ஒரு விரலால் சுற்றிவிட்டான்.
உரசி நின்றது.
அடியில் அழிரப்பரை வைத்துச் சுற்றிவிட்டான்.
பன் தீரும்வரை சுற்றியது.

நடுச்சக்கரம் மட்டும் கொஞ்சம் தாழ்வு. அவ்வளவுதான்.
மூன்று மில்லி. இரண்டு வாஷர்.
எப்போதும் தரையில் நாலே சக்கரம்;
முன்ஜோடி மிதக்கும், அல்லது பின்ஜோடி.
நடுவில் இருப்பது எல்லார் எடையும் வாங்கும்.

லிகிதா வெர்னியரை வைத்தாள்.
இடது மூன்று புள்ளி நாலு.
வலது இரண்டு புள்ளி எட்டு.
"நொண்டும். கழட்டு."
அவன் கழற்றினான், இரண்டு முறை.
வேகத்துக்குப் பெரிய பல்சக்கரம் கேட்டேன்,
மேடு பதினைந்து டிகிரி என்பதை மறந்து.
"தொப்பூர் ஏத்தத்துல டாப் கியர் கேட்டா
லாரியே சிரிக்கும்" என்றான்.
அப்பா லாரி ஓட்டுகிற தைரியம்.

இப்போது நின்ற இடத்திலேயே திரும்புகிறது,
சத்தம் போடாமல்.
நிறுத்தினால் மூக்கு குத்தும்,
கிளம்பினால் பின்புறம் உட்காரும்.
ஜெயிப்போமா என்று இம்தியாஸ் அதையே கேட்கிறான்.
முன்னும் பின்னும் தலையாட்டுகிறது.
ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்தக் கடைசி இரண்டு அங்குலம்.
பந்தைக் கூடையில் விட
வண்டி இத்தனூண்டு இடப்பக்கம் ஒதுங்கணும்.
நண்டுக்கு ஒரு நொடி.
இது பின்வாங்கித் திரும்பி முன்வந்து மறுபடி திரும்ப
ஐந்து.
தீர்மானம் நால்வருடையது,
ஓட்டுவது நான் ஒருத்தி.
இல்லாத நாலு நொடியைக்
கட்டைவிரலில்தான் தேடணும்.

கோயம்புத்தூருக்கு இன்னும் ஒன்பது நாள்.
பட்டறைக்குப் பின்னால் சுண்ணாம்புக் கோடு,
கூடைக்குப் பதில் செங்கல்.
பின், திருப்பு, முன், திருப்பு.
நேற்று நாலரை.
இன்று காலை நாலேகால்,
ஒரு செங்கல் உடைந்தது.